பெக்டியை ஒதுக்கியவன்

போன மாதம் செல்வி ஃபோன் செய்தாள். நான் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஓய்வு பெற்ற அன்று நிலையத்து அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்கினேன். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சார், இப்ப மீனுக்கு நேரா ஃபோனைக் காட்டினா போதும், பேரு தானா வந்துடுது. நீங்க முப்பது வருஷம் என்னதான் சார் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

சிரித்தாள். அதையே நிலையத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள் போல. நான் உண்மையைத்தான் சொன்னேன். மீனைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் இந்தப் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் அத்தாவுக்கு நெல்லித்தோப்பில் வலை நூல் கடை. நைலான் நூல், ஈயக் குண்டு, மிதவை எல்லாம் வாங்கக் குப்பத்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு மூன்று முறை பரிசு வாங்கியதில் எனக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது. தூய தமிழ் தவிர வேறெதுவும் வாயில் வரக் கூடாது என்று ஒரு வைராக்கியம். மிதிவண்டியில்தான் போவேன், தேநீர்தான் குடிப்பேன். முக்குக் கடை டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் "பாய்க்கு ஒரு தேநீர், சர்க்கரை மிகுதியாக" என்று உரக்கச் சொல்லிக் கடையையே சிரிக்க வைப்பார். கேலி என்று எனக்கு உறைக்காது. மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

கடற்கரை மக்களின் பேச்சைத் தொகுக்கும் சிறிய நிலையம் ஒன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருந்தது. உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதை நடத்தியவர் மதாம் தெரேஸ். இந்த ஊரில் பிறந்து, பிரான்சில் படித்து, இங்கேயே திரும்பி வந்தவர். கைத்தறிப் புடவை, வலது மணிக்கட்டில் கடிகாரம். அலுவலகத்துக்குத் தண்ணீர்க் கேன் கொண்டு வருகிறவர் வரைக்கும் ஆண்கள் எல்லாரையும் பிரெஞ்சு முறையில், 'ஐயா' என்பதுபோல, 'முசே' போட்டுத்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வயதில் என்னை ஒருவர் "முசே தாவூத்" என்று அழைத்ததும் நான் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது மாதிரி இருந்தது.

மேசைமேல் ஓர் அலுமினியத் தட்டு. மேலே ஈரத்துணி. துணியை எடுத்தார். உள்ளே ஒரு சங்கரா மீன். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தே விட்டது. கடைசியில் அவர் துணியைப் போட்டு மூடி, "போன். திங்கட்கிழமை வாங்க" என்றார். 'போன்' என்றால் பிரெஞ்சில் 'நல்லது'. எனக்கு முன்னால் வந்த இருவரும் "இது சங்கராதானே மதாம்?" என்று முந்திக்கொண்டு சொல்லி, வேலை கிடைக்காமல் போனார்களாம். பயத்தில் வாயடைத்துப் போனதற்கு வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

வேலை இதுதான். காலையில் படகு கரை ஏறும் நேரத்துக்கு மீன் வாங்க வேண்டும். தட்டில் வைத்து ஒருவரிடம் காட்ட வேண்டும். பெயரை நாம் சொல்லக் கூடாது. 'இதுதானே' என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. கூட்டத்தில் காட்டக் கூடாது, ஏனென்றால் ஒருவர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். தனியாகக் காட்டிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். மனசுக்குள் இருபது வரை எண்ணலாம் என்று மதாம் எனக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தார். "பாயி, இன்னிக்குப் பேசா நோன்பா?" என்று கேட்காத ஆள் எந்தக் குப்பத்திலும் கிடையாது.

ஒரு மீனுக்கு ஓர் அட்டை. அஞ்சலட்டையை விடக் கொஞ்சம் பெரிது. மேலே மதாம் பென்சிலால் மீனை வரைவார். கீழே மூன்று கோடுகள்: பிடிக்கிறவர், விற்கிறவர், சமைக்கிறவர். மூவரும் வேறு வேறு வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் அவர் சொன்ன பெயர், சொன்னவரின் பெயர், ஊர். நீல மையில் மட்டும்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. தப்பு தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கோடும் நிரம்பினால்தான் அந்தப் பெயர் புத்தகத்துக்குப் போகும்.

சுகமான வேலை. மூன்றாவது கோட்டுக்காக அடுப்படி அடுப்படியாகப் போவோம். "தட்டுல மீனை வெச்சுக்கிட்டு வெறும் வயித்தோட நிக்கிறியே பாயி" என்று குழம்பை ஊற்றி உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் குழம்புகளுக்கெல்லாம் அட்டை போட்டிருந்தால் தனியாக ஒரு பெட்டி வேண்டியிருந்திருக்கும். எழுதி முடித்த மீன் அலுவலகத்தில் முறை வைத்து ஆளுக்கொரு நாள் வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் அன்றைக்கு மட்டும் எனக்கு வரவேற்பு பலமாக இருக்கும்.

மதாமின் மேசைக்கு மேலே சுவரில் ஒரே ஓர் அட்டை குத்தியிருந்தது. பிரெஞ்சில் இரண்டு மூன்று வரி, எனக்குத் தெரியாத எழுத்தில் ஒரு சொல். சனிக்கிழமைதோறும் அதன்மேல் தூசி தட்டுவேன். அது என்ன என்று பல வருஷம் நான் கேட்டதே இல்லை. மீன் அட்டைகளுக்கு நடுவில் வாழ்கிறவனுக்கு ஓர் அட்டை பெரிதாகவா தெரியும்?

இப்போது என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

பல வருஷம் சேர்த்த அட்டைகளைப் படம் போட்ட கையேடாக அச்சிட முடிவானது. அச்சுப்படி வந்த நேரத்தில் மதாமுக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "முசே தாவூத், அட்டையில இருக்கிறது அப்படியே புத்தகத்துல வரணும். அவ்வளவுதான் வேலை" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

கொடுவா மீனில் வந்து நின்றேன். முரட்டு உடம்பு, வெளிச்சம் பட்டால் தணல் மாதிரி மின்னும் கண். அதற்கு 'கொடுவா' என்று எத்தனை கம்பீரமான பெயர். ஆனால் அதே மீனுக்கு இன்னொரு கட்டு அட்டைகள் இருந்தன. அவற்றில் எல்லாம் 'பெக்டி'. இந்த ஊரில் வங்காளிக் குடும்பங்கள் நெடுநாளாக உண்டு. அவர்கள் அந்த மீனை 'பேட்கி' என்று தங்கள் ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். விற்கிற பெண்கள் அதைப் பெக்டி ஆக்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஓட்டல்காரர்கள், அப்புறம் படகுக்காரர்கள். மூன்று கோடும் நிரம்பிய அட்டைகள். என் கையெழுத்தில்தான் இருந்தன.

நம் கடலில், நம் வலையில் விழுகிற மீனுக்கு வெளியூர்ப் பெயர் எதற்கு என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டேன். கிழித்துப் போட மட்டும் கை வரவில்லை. அன்று பெரிய தமிழ்த்தொண்டு செய்த நிறைவோடு இரண்டு தேநீர் குடித்தேன்.

கையேடு வந்தது. நன்றாகவே போனது. ஓட்டல் சமையலறைகளில்கூட வாங்கி வைத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தார். தினமும் பஸ்ஸில் கூடையோடு வந்து டவுன் ஓட்டல்களுக்கு மீன் போடுகிறவர். என் வயதுதான் இருக்கும். கூடையை அலுவலக வாசலில் இறக்கினார். உள்ளே இரண்டு பெரிய கொடுவா, ஐஸோடு. இடுப்பிலிருந்து எங்கள் கையேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாயி, இதுல என் பேச்சு எங்க போச்சு?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஒரு ஓட்டலில் வாங்குகிற வேலைக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கிறார். வெளியூர்க்காரர், எதையும் புத்தகம் பார்த்துச் செய்கிறவர். அஞ்சலை 'பெக்டி' என்று சொல்லிக் கொடுத்த மீனை எங்கள் கையேட்டோடு வைத்துப் பார்த்திருக்கிறார். படத்துக்குக் கீழே கொடுவா என்று மட்டும் இருக்கிறது. பெக்டி என்ற பேச்சே புத்தகத்தில் எங்கும் இல்லை. பெக்டி என்று சொல்லி வேறு மீனைத் தள்ளுகிறாள் என்று முடிவு கட்டி, கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மற்ற ஓட்டல்களுக்கும் ஃபோனில் சொல்லிவிட்டார்.

"மூணு நாளா கூடை திரும்பி வருது. என்னால மத்த பொம்பளைங்க கூடையும் திரும்புது. ஞாயித்துக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்துல என்னைக் கூப்பிட்டு இருக்காங்க. பொய் மீனு வித்தேன்னு முடிவாச்சுன்னா, இனிமே நான் டவுனுக்குக் கூடை தூக்க முடியாது. பதினெட்டு வருஷமா தூக்குறேன் பாயி. ஏமாத்துக்காரின்னு எவனும் சொன்னதில்ல."

மதாம் உள்ளறையிலிருந்து வந்து நின்றிருந்தார்.

"நான்தானே சொன்னேன்?" என்று அஞ்சலை என்னைப் பார்த்துக் கேட்டார். "மீனைக் காட்டிட்டு மரம் மாதிரி நின்னீங்க. பெக்டின்னேன். என் பேரு கேட்டீங்க, ஊரு கேட்டீங்க, எழுதிக்கிட்டீங்க. அப்ப எழுதினது என்னா ஆச்சு?"

இந்த முறை மௌனத்துக்குச் சம்பளம் கிடையாது என்று தெரிந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து டின்னை எடுத்து மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மதாம் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். மேலாக இருந்த அட்டையில், இரண்டாவது கோட்டில், நீல மையில்: பெக்டி, அஞ்சலை.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எது தன் அட்டை என்று புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஏன் பாயி? என் பேச்சு அவ்ளோ அசிங்கமாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

மதாம் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"இத்தனை வருஷமா தூசி தட்டுறீங்களே, இது என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"வடக்கே ஒரு கடல். குளிர் காலத்துல உறைஞ்சு போயிடும். அதோட கரையில ரெண்டு சின்ன மொழி இருக்கு. ஒண்ணு இங்கிரியன், இன்னொண்ணு வோத்தியன். பேசுறவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு. தலைமுறை தலைமுறையா மீன் பிடிச்ச ஜனங்க. அவங்க ஒரு மீனுக்குச் சொல்ற பேரு, பக்கத்துல இருக்கிற பெரிய மொழியிலேர்ந்து, ரஷ்யனிலேர்ந்து வந்தது. படிக்கிற காலத்துல அகராதியில பார்த்து எழுதி வெச்சேன்."

"மீன் பிடிக்கிறவங்களுக்கே மீன் பேரு கடனா மதாம்?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். ஏன் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. யாருக்கு வித்தாங்களோ, யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாங்களோ. ஆனா அகராதி எழுதினவன் அதைத் தூக்கி டின்னுல போடலை. ரஷ்யனிலேர்ந்து வந்ததுன்னு ஒரு வரி எழுதி உள்ளே வெச்சான். அதனாலதான் அந்த ஜனம் யாரோட பழகிச்சுன்னு இங்க உட்கார்ந்துக்கிட்டு எனக்குத் தெரியுது." அட்டையைத் திரும்பச் சுவரில் குத்தினார். "போன். தட்டை எடுங்க. ஓட்டலுக்குப் போவோம்."

ஓட்டல் சமையலறை. அஞ்சலையின் குப்பத்துப் படகுக்காரர் முருகையனையும் வரச் சொல்லியிருந்தோம். அதிகாரி சட்டையை இன் செய்துகொண்டு, கையேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடம், உங்க புத்தகத்தைப் பார்த்துத்தான் செஞ்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மதாம் அவரை ஓரமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார். பெயர் சொல்ல வேண்டியவர்களை வெளியே நிறுத்தினார். தட்டை மேடைமேல் வைத்து ஈரத்துணியை எடுத்தார்.

முதலில் முருகையன். மீனைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் மூச்சு விடவில்லை. "என்னாத்துக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கறீங்க? பெக்டி" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஊட்டுல ஆக்கித் தின்னா கொடுவான்னுவோம். விக்கிறதுன்னா பெக்டி" என்றார்.

அடுத்து அஞ்சலை. வாசற்படியைத் தாண்டும்போதே "பெக்டி" என்று சொல்லிவிட்டார். மதாமின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

மூன்றாவது, அந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் தாஸ். கொல்கத்தாக்காரர். குளிர் அறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தவர் தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார். "பேட்கி. ஆஹா, நல்ல பேட்கி" என்று வாலைப் பிடித்துத் தூக்கினார். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார். "மூணு நாளா கேக்குறேன் சார், வரலை வரலைன்னு சொன்னீங்க. இந்தா வந்திடுச்சே."

அதிகாரி கையேட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அந்த மனிதரும் சிரித்துவிட்டார், அது அவருடைய நல்ல குணம். "நாளையிலேர்ந்து கொண்டாங்கம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. "இங்க சொன்னா எனக்கு ஆவாது சார். ஞாயித்துக்கிழமை எங்க ஊருக் கோயிலாண்ட வந்து சொல்லணும்."

வந்தார். நானும் போனேன். பஞ்சாயத்தார் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி எழுந்து, மீன் சரியான மீன்தான், சந்தேகப்பட்டது தன் பிழை என்று நாலு வாக்கியத்தில் சொன்னார். பிறகு நான் எழுந்தேன். "பேர் சரியா எழுதியிருந்தேன். எனக்குப் பிடிக்கலைன்னு ஒதுக்கி வெச்சுட்டேன். தப்பு புத்தகத்து மேலயும் இல்ல, இவர் மேலயும் இல்ல. என் மேலதான்" என்றேன். அஞ்சலை பேரில் குற்றம் ஒன்றும் இல்லை என்று அங்கேயே முடிவானது. அதன் பிறகுதான் அவர் தலையிலிருந்து முந்தானையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பாயிக்கு என்னா தண்டனை?" என்று கூட்டத்தில் ஒரு குரல். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க அஞ்சலையின் கூடையை நான் சுமக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டலின் பின்வாசலிலும் என் வாயாலேயே மீனின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும் என்றார்கள்.

மறுநாளே நிறைவேற்றினேன். காலாப்பட்டு பஸ்ஸில் என் மடியில் கூடை. ஐஸ் தண்ணீர் கால்சட்டையெல்லாம் ஒழுகியது. அஞ்சலை ஜன்னலோரம் கையை வீசிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார். டவுனில் அவர் முன்னால் நடக்க, நான் பின்னால். ஒவ்வொரு பின்வாசலிலும் "பெக்டி" என்று கூவினேன். முதல் இரண்டு இடத்தில் குரல் எழும்பவில்லை. "சத்தமா பாயி, தேநீர் கேக்கிற மாதிரியா கேக்கறது?" என்று திருத்தினார். டீ மாஸ்டரின் கேலி காலாப்பட்டுக் குப்பம் வரைக்கும் போயிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏழாவது ஓட்டலுக்குள் எனக்கே அது பிடித்துப் போய்விட்டது. மத்தியானம் அவர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் பாதியை எனக்குக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு நான் டீதான் குடிக்கிறேன்.

கையேட்டின் மிச்சப் பிரதிகளில் எல்லாம் ஒரு சிறு சீட்டை அச்சிட்டு ஒட்டினோம். தப்பை அழிக்கக் கூடாது, அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி புத்தகத்துக்கும் உண்டு என்றார் மதாம். சீட்டில் இப்படி இருந்தது: 'கொடுவா: விற்பனையில் பெக்டி. வங்காள மொழியிலிருந்து வந்தது. இதை முதலில் ஒதுக்கியவர் ஷே. தாவூத்.' அந்தக் கையேட்டில் என் பெயர் வருகிற இடம் அது ஒன்றுதான். அஞ்சலை ஒரு சீட்டை வாங்கிப் பிளாஸ்டிக் உறை போட்டு, பிறகு அவர் போட்ட மீன் கடையில் மாட்டிக்கொண்டார். நான் மீன் வாங்கப் போனால், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சீட்டையும் காட்டுவார், என்னையும் காட்டுவார். மதாம் ஓய்வு பெற்றபோது அந்த வடகடல் அட்டையை எனக்குத் தந்தார். இப்போது சாரம் பகுதியில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் இருக்கிறது.

அடுப்படியில் ஏன் என்றால், அதுதான் இப்போது என் இடம். என் மனைவி ஹமீதாவுக்கு முட்டி வலி. நின்று சமைக்க முடியவில்லை. நான்தான் அடுப்பைப் பார்க்கிறேன்.

ஃபோனில் பேசிய அடுத்த வாரம் செல்வி நேரில் வந்தாள். கட்டுரையைக் கேட்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன். பையிலிருந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். ஈரத்துணியை எடுத்தாள். வாயே ஓயாதவள், ஒரு வார்த்தை பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முரட்டு உடம்பு, தணல் கண். யோசிக்கவே இல்லை.

"பெக்டி" என்றேன்.

உள்ளறையிலிருந்து ஹமீதா சிரிப்பது கேட்டது. அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. வீட்டில் ஆக்கித் தின்கிற மீனுக்கு என் வாயில் கொடுவா வரவில்லை.

செல்வி புது அட்டையை எடுத்தாள். ஃபோன் எல்லாம் சொல்லிவிடும் என்றவள் பையில் நீல மைப் பேனா இருந்தது. முதல் இரண்டு கோடும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இரண்டாவதில் அஞ்சலையின் மகள் பெயர். மூன்றாவது கோட்டில் எழுதிவிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்லி என் பக்கம் திருப்பினாள்.

சமைக்கிறவர்: பெக்டி, தாவூத், சாரம்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி இரண்டு முறை படித்தேன். அடிக்கவோ திருத்தவோ ஒன்றும் இல்லை என்றேன்.